சாக்கைவிட மலிவாக விற்ற வெங்காயம்… தெரியுமா?

தங்கத்தில் முன்பேர வர்த்தகம் (பின்னால் வரும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது) உண்டு, எண்ணெயில் உண்டு, பன்றியில்கூட உண்டு. அமெரிக்காவில் வெங்காயத்தில் கூடவே கூடாது என்று 1958-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், தெரியுமா?

1955-ல் வின்சென்ட் கொசுகா, சாம் சீகல் என்ற இரண்டு பலே ஆசாமிகள் சிகாகோ சந்தையின் வெங்காயத்தை அப்படியே வளைத்துப் போட்டார்கள். பிறகு, விலை விழும் என்ற பக்கம் சத்தமில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு, கிடங்குச் சரக்கை மொத்தமாக இறக்கினார்கள். 2.75 டாலர் விற்ற 50 பவுண்டு மூட்டை, 1956 மார்ச்சில் 10 சென்ட்! வெறும் சாக்கே அதைவிடக் கூடுதல் விலை. வயிறெரிந்த விவசாயிகளுக்காகத் தடை மசோதா கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு!

அது பதுக்கல் ஆட்டம். நிஜத் தட்டுப்பாட்டால் ஏறிய விலை மட்டும் நிலைக்குமா? பிரேசிலின் மனௌஸ் நகரத்தைக் கேளுங்கள். சைக்கிள் டயர், அப்புறம் கார் டயர், எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அமேசான் ரப்பர்தான். பணம் கொட்டியது. 1896-ல் காட்டு நடுவே இத்தாலியப் பளிங்கு இழைத்து ஆப்பரா அரங்கமே திறந்தார்கள்! 1910-ல் ரப்பர் விலை உச்சாணியில். ஆனால் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கப்பலேற்றியது 1876-லேயே! முளைத்த கன்றுகள் இலங்கை வழியாக மலாயாவுக்குப் போய்த் தோட்டங்களாயின. அங்கே பால்மரம் சீவியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போன நம்மவர்கள் ஏராளம். தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்து குவிந்தது, மனௌஸ் படுத்துவிட்டது.

ஏற்றம் நிலைக்குமா என்று விலைப்பலகையைப் பார்த்து ஜோசியம் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அடுத்த சரக்கு வந்துசேர எத்தனை வருடம்? அதைத்தான் பார்க்க வேண்டும். வெங்காயம் அடுத்த பருவமே வந்துவிடும். கோகோ கன்று காய்க்க மூன்று, நான்கு வருடம். செம்போ, கனிமம் கண்டுபிடித்துச் சுரங்கம் ஓடப் பத்து வருடத்துக்கும் மேல்! 2001-ல் டன் 1,500 டாலருக்கும் கீழே கிடந்த செம்பு, சீனா அள்ளி வாங்க வாங்க, 2006-ல் 8,000-ஐத் தாண்டியது. 2008 முடிவில் 3,000-க்கும் கீழே விழுந்தபோது குமிழி உடைந்தேவிட்டது என்று தோன்றியது. 2011-ல் 10,000!

விலை ஏறுமா, இறங்குமா என்பதிலே பந்தயமே நடந்திருக்கிறது. செம்பு, நிக்கல், தகரம், குரோமியம், டங்ஸ்டன் ஐந்தும் பத்தாண்டில் விலையேறும் என்று 1980-ல் உயிரியலாளர் பால் எர்லிச் சொன்னார். இறங்கும் என்றார் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன். 1990-ல் எர்லிச்சிடமிருந்து 576.07 டாலருக்குக் காசோலை வந்தது. அதே பந்தயத்தை 2000-ல் கட்டியிருந்தால்? எர்லிச் ஜெயித்திருப்பார்!