பெட்டியிலிருந்து கணினிக்கு வந்த ஆட்டம்

சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமாயினும், மூணாறு, பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களாயினும், நமது இல்லங்களில் கணினி வாங்கப்படுவது பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டேயாம். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுவதற்கென்றே தனிப்பெட்டி வாங்குவோர் மிகச் சிலர். ஆதலின், பெட்டிக்கென வெளிவந்த ஆட்டம் கணினிக்கு எப்பொழுது வரும் என்று பிள்ளைகள் கேட்பதை வீண்பேச்சென்று பெற்றோர் தள்ளிவிடலாகாது. இன்னொரு பெட்டிக்குப் பணம் தேட வேண்டுமா என்பதன்றோ அக்கேள்வியின் உட்பொருள்!

‘ஹேலோ’ என்னும் துப்பாக்கிப் போர் ஆட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பங்ஜி என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய இவ்வாட்டத்தை 1999 ஜூலையில் நியூயார்க்கில் அறிமுகம் செய்தவர் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ். அன்று அது கணினிக்கென்றே சொல்லப்பட்டது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பங்ஜியை விலைக்கு வாங்கியது. 2001 நவம்பரில் ‘எக்ஸ்பாக்ஸ்’ என்னும் தன் புதிய பெட்டியுடன் ஹேலோவை வெளியிட்டது. பந்தியில் அமர்த்தி இலை போட்டவர்களைக் காக்கவைத்து, அடுத்த பந்திக்குப் பரிமாறிய கதைதான். கணினிக்காரர்களின் இலைக்குச் சோறு வர 2003 செப்டம்பர் ஆயிற்று. டெக்ஸஸ் மாநிலத்துக் கியர்பாக்ஸ் நிறுவனத்தார் அப்பணியைச் செய்து முடித்தனர்.

ஓர் ஆட்டத்தைப் பெயர்த்து வைப்பதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். எக்ஸ்பாக்ஸின் உள்ளே இருந்ததும் 733 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய இன்டெல் செயலியே. நினைவகம் 64 மெகாபைட். ஆயின் ஒரு பெட்டியைப் போலவே மற்றப் பெட்டிகளும் இருக்கும். கணினியோ வீட்டுக்கு வீடு வேறு. ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் திணறும். 128 மெகாபைட் நினைவகம் போதும் என்று உறையில் அச்சிட்டிருந்தும், நல்ல கணினிகளிலேயே ஆட்டம் தடுமாறுவதாகப் பலர் குறைப்பட்டனர்.

ஆடுவோரின் கையும் மாறிற்று. பெட்டியில் கட்டைவிரலால் சிறு குச்சியை அசைத்துக் குறி வைப்பவனுக்கு ஆட்டமே சிறிது கைகொடுக்கும். எலியைப் பிடித்தவனுக்கு அவ்வுதவி வேண்டுவதில்லை. பெட்டிகளைக் கம்பியால் இணைத்து ஓரிடத்தில் பதினாறு பேர் ஆடியதை, கணினியில் இணையத்தின் வழியே ஆடும்படி செய்தனர். செய்தி போய்ச் சேரும் தாமதத்தால், ஓடுகிறவனைச் சுட அவனுக்குச் சற்று முன்னே குறி வைக்க வேண்டியதாயிற்று. மழை பெய்தால் இணைப்பு தளரும் மலைப்பகுதியில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

நமக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. பெட்டியில் அண்ணனும் தம்பியும் ஒரே திரையைப் பங்கிட்டுக்கொண்டு கதை முழுவதையும் சேர்ந்து ஆடலாம். கணினிப் பதிப்பில் அவ்வசதியை நீக்கிவிட்டனர். ஒரு வீட்டில் ஒரே கணினி என்றிருக்கும் குடும்பத்துக்கு இது சிறு இழப்பன்று. (இவ்வாட்டம் 17 வயது நிரம்பியோர்க்கே உரியது என அமெரிக்கத் தர அமைப்பு முத்திரையிட்டிருப்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.)

எனினும் கணினிக்கு வந்ததால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. 2004இல் வெளிவந்த தனிப்பதிப்பொன்றில், ஆடுவோர் தாமே புதிய போர்க்களங்களை அமைத்துப் பிறர்க்கு வழங்கலாயினர். இணைய ஆட்டத்திற்குத் துணைநின்ற கேம்ஸ்பை என்னும் சேவை 2014இல் மூடப்பட்டபோது, ஆர்வலர் சிலர் ஊதியமின்றி உழைத்து, ஆட்டம் நின்றுபோகாதபடி திருத்தம் வெளியிட்டனர். வணிகர் கைவிட்டதை ஆடுவோரே காத்தனர்.

இரண்டாம் ஹேலோ 2007இல் கணினிக்கு வந்தபோது விஸ்டா உள்ள கணினிக்கே எனக் கட்டுப்பாடு விதித்தனர். பழைய எக்ஸ்பி வைத்திருந்தோர் வாயிலிலேயே நின்றனர். 2020 மார்ச்சில் முதல் ஹேலோ புதுப்பிக்கப்பட்டுக் கணினிக்கு மீண்டும் வந்தது. அப்பொழுதுதான் இருவர் சேர்ந்து கதையை ஆடும் வசதி கிடைத்தது. ஆனால் இணையத்தின் வழியே. அதாவது, அண்ணனுக்கொரு கணினி, தம்பிக்கொரு கணினி.