மரமில்லாத நிலம் வெறும் நிலமா?

காட்டுப்பள்ளி என்ற பெயருக்குள் காடு இருக்கிறது. பழவேற்காட்டிலும் இருக்கிறது. ஆனால் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் இந்த மணல்தீவைப் பார்க்கிற அதிகாரத்தின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மணல், புதர், சேறு. 'இங்க என்ன இருக்கு, ஒண்ணுமில்லையே' என்கிற வாக்கியம் அந்தப் பார்வையிலிருந்துதான் பிறக்கிறது. இந்த 'ஒண்ணுமில்லை'யை விளங்கிக்கொள்ள, கடற்கரையை விட்டுக் கொஞ்சம் மலையேற வேண்டியிருக்கிறது.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி வெப்பம் குறைகிறது. ஒரு உயரத்துக்குமேல் காடு நின்றுபோய், புல்லும் குறுஞ்செடியும் மட்டும் தொடர்கின்றன. குளிரில் மரத்தால் தனக்கான உணவைத் தயாரிக்க முடியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விஷயம் வேறு. பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலும் இலை சர்க்கரை தயாரிக்கிறது. அந்தச் சர்க்கரையைக் கொண்டு புதிய செல்களைக் கட்டும் வேலைதான் ஐந்து டிகிரி வாக்கில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. செங்கல் குவிந்து கிடக்கிறது, கொத்தனார் கை ஓடவில்லை, அவ்வளவுதான். வளர்பருவத்தின் சராசரி வெப்பம் ஆறேழு டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் காடு முடிகிறது என்பதை, உலகின் பல மலைகளின் அளவீடுகளை வைத்து கிறிஸ்டியன் கோர்னர் காட்டினார். அந்த இடம் ஆல்ப்ஸில் 2000 மீட்டரைச் சுற்றி வருகிறது, இமயத்தின் பல பகுதிகளில் 4000 மீட்டரை ஒட்டி. உயரம்தான் வேறு, வெப்பம் ஏறக்குறைய ஒன்று. புல் தரையோடு ஒட்டிக்கிடந்து வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்கும் மரமோ காற்றின் குளிரை அப்படியே வாங்குகிறது.

இந்தக் கணக்கை நீலகிரிக்குக் கொண்டுவந்தால் சிக்கல் வருகிறது. தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். இந்த அட்சரேகையில் உச்சிவரை காடு ஏறியிருக்கலாம். ஆனால் சோலை பள்ளத்தாக்கின் மடிப்புகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது, சரிவெல்லாம் புல். ஏன்? 1938இலேயே ரங்கநாதன் உறைபனியைக் காரணம் சொன்னார், போர் என்பவர் தீயைச் சொன்னார். இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் உறைபனியின் வேலை நுட்பமானது. மேகமற்ற பனிக்கால இரவில் திறந்த புல்வெளி தன் சூட்டை வானத்துக்கு இழந்து பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அங்கே முளைத்த சோலைமரக் கன்று கருகிச் சாகிறது. பத்தடி தள்ளி, சோலையின் கூரைக்குக் கீழே, அதே கன்று பிழைக்கிறது. அங்கே எல்லையைப் போடுவது சராசரி வெப்பம் அல்ல, ஒருசில இரவுகள்.

வெள்ளை நிர்வாகம் இந்தப் புல்வெளியை வரி தராத வெற்றுநிலமாக வாசித்தது. சுதந்திர இந்தியாவின் வனத்துறையும் அந்த வாசிப்பைக் கைவிடவில்லை. உறைபனி தாங்கும் ஆஸ்திரேலிய சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன. தோல் பதனிடவும் சிறுமுகை ரேயான் ஆலைக்கும் மரம் போனது. தோடரின் எருமைகள் மேய்ச்சல் இழந்தன. இதற்கெல்லாம் பெயர் காடு வளர்ப்பு. 1993இல் சுகுமார் குழுவினர் நீலகிரிச் சதுப்புகளின் கரிமத்தை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, இருபதாயிரம் ஆண்டுகளில் புல்லும் மரமும் மாறி மாறி மேலோங்கியதையும், பனியுகத்தின் வறண்ட கட்டத்தில் புல்லே மேலோங்கியிருந்ததையும் காட்டியது. அதாவது, கோடாலிக்கு முந்தியது இந்தப் புல். இன்று பூமி சூடேற, உறைபனி இரவுகள் குறைந்தால் அந்த இடம் சோலைக்கா போகும்? வேகமாகப் பரவும் சீகைதான் முந்திக்கொள்ளும்.

காட்டுப்பள்ளியில் எல்லையைப் போடுவது பனி அல்ல. உப்பும் ஓதமும் மணலும். சேற்றில் அலையாத்தி நிற்கும், மேட்டில் நிற்காது. மணல்மேடு மழைநீரைத் தனக்குள் வாங்கி, கடல் உப்பு நிலத்தடிக்குள் ஏறாமல் தடுக்கிறது. மேட்டில் மரம் இல்லாததற்கு, அங்கே எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் கடலோர மணலுக்கென்றே ஒரு இனம் உண்டு. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை அந்தத் தொகுப்பின் கண்ணால் பார்த்தால் காலி இடத்தில் கட்டடம். ஏரியில் எவர், எந்த நாள், எங்கே வலை போடுவது என்பதைப் 'பாடு' முறையால் தமக்குள் பங்கிட்டுவரும் மீனவர் கண்ணால் பார்த்தால் அது வேறு. அவர்களுக்கு இந்தத் தண்ணீரில் காலியிடம் என்று ஒன்று கிடையாது.

இதில் நம் தரப்புக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 'மரம் நடுவோம்' என்ற கோஷத்தை நாமும்தான் போடுகிறோம். மரமில்லாத இடத்தைக் குறையுள்ள இடமாகப் பார்க்கிற அந்த வனத்துறைக் கண், அழிந்த மணல்மேட்டுக்கு ஈடாக வேறெங்கோ சவுக்குக் கன்று நட்டால் சரியாப்போச்சுன்னு சொல்கிற கண்ணும்தான். மரம் ஏன் ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று கேட்டுவிட்டு, பிறகு மண்வெட்டியை எடுப்போம்.