போலி ஓமோன்களும் பண்ட உற்பத்தியும்

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள ரஃப்ற்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சொனன்ஷைன் ஆகிய இருவரும் மார்புப் புற்றுநோய்க் கலங்களை வளர்த்து ஆராய்ந்து வந்தனர். அக்கலங்கள் ஈஸ்திரோஜன் கிடைத்தால் விரைந்து பெருகுவன. கிடைக்காவிடின் அவ்வாறு பெருகாதன. ஒரு கட்டத்தில், ஈஸ்திரோஜன் சேர்க்கப்படாத கலங்களும் பெருகலாயின. நீண்ட தேடலின் பின்னரே காரணம் புலப்பட்டது. ஆய்வுகூடத்திற் பயன்பட்ட பிளாஸ்ரிக் குழாய்களிலிருந்து ஏதோவொன்று கசிந்துகொண்டிருந்தது. குழாய்கள் எளிதில் உடையாதிருக்கும் பொருட்டு உற்பத்தியாளர் அவற்றின் சேர்மானத்தை மாற்றியிருந்தனர். புதிதாகச் சேர்த்தது யாதென வினவியபோது, அது வணிக இரகசியம் என்பதே விடையாயிற்று. ஆய்வாளர் தாமே பகுத்தறிந்து, அது நொனைல்பீனோல் என 1991இல் வெளியிட்டனர்.

பிளாஸ்ரிக்கிற் சேர்க்கும் ஒரு பொருள் எவ்வாறு ஓமோனாகத் தொழிற்படலாயிற்று என்பது ஒரு வினா. அதனை அறியும் உரிமை எவருக்குரியது என்பது மற்றொரு வினா. முன்னையதை விஞ்ஞானிகளுக்கும் பின்னையதைச் சட்டத்தரணிகளுக்கும் ஒதுக்கிவிடுவது வழக்கம். அவ்வாறு பிரிப்பின் இவ்விடயத்தின் வரலாறு விளங்காது என்பது எமது கருத்து.

முதலில் உடலை நோக்குவாம். சூலகங்களிற் சுரக்கும் ஈஸ்திரடையோல் என்னும் ஈஸ்திரோஜன் குருதி வழியே உடலெங்கும் செல்கிறது. ஆணுடலிலும் அது சிறிதளவு உண்டு. கலத்தினுள் 'வாங்கி' எனப்படும் புரதமொன்று அதனை ஏற்கிறது. ஓமோன் பிணைந்ததும் வாங்கியின் உருவம் மாறுகிறது. வாங்கிகள் இரண்டிரண்டாக இணைந்து, டி.என்.ஏ.யின் குறித்த இடங்களிற் பொருந்தி, சில பரம்பரையலகுகளைத் தொழிற்படச் செய்கின்றன. கருப்பையின் உட்சுவர் தடிப்பதும் மார்பிழையம் வளர்வதும் இவ்வாறே நிகழ்கின்றன.

பாடநூல்கள் இதனைப் பூட்டுக்கும் திறப்புக்கும் உவமிக்கும். இலக்கிய மாணாக்கராகிய நாம் உவமைகளை அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. இதுவும் முழுமையாகப் பொருந்துவதன்று. பூட்டு தன் திறப்பையன்றிப் பிறிதொன்றை ஏலாது. ஈஸ்திரோஜன் வாங்கியின் குழியோ ஈஸ்திரடையோலின் கனவளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இடமுடையது. ஒரு முனையிற் பீனோல் வளையமும், நீரோடு ஒட்டாத உடற்பகுதியும் உடைய மூலக்கூறுகள் பல அதனுட் புகவல்லன. நொனைல்பீனோல் அவற்றுள் ஒன்று. புகுந்தவை யாவும் ஒரே விளைவைத் தருவதுமில்லை. சில உண்மை ஓமோனைப் போன்று வாங்கியைத் தூண்டும். சில இடத்தைப் பிடித்துக்கொண்டு, தாமும் தூண்டாது, உண்மை ஓமோனையும் தடுத்து நிற்கும். ஓரிழையத்தில் தூண்டியாகவும் வேறோரிழையத்தில் தடையாகவும் அமையும் பொருள்களும் உள. இன்னுஞ் சில, வாங்கியைத் தொடாமலே, ஈஸ்திரோஜனை ஆக்கும் நொதியத்தைக் குழப்புகின்றன.

மற்றொரு காவலும் உண்டு. குருதியில் ஈஸ்திரடையோலின் மிகப் பெரும்பகுதி புரதங்களுடன் பிணைந்தே இருக்கும். கட்டற்ற சிறுபகுதியே கலங்களை அடைகிறது. செயற்கைப் பொருள்கள் பல இக்காவலுக்கு அவ்வளவாக உட்படுவதில்லை. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் அத்தகையது.

இதனை 1938இல் இலண்டனில் சார்ள்ஸ் டொட்ஸ் என்பாரும் அவர்தம் சகாக்களும் வெளிப்படுத்தினர். மலிவானது, வாயால் உட்கொள்ளத்தக்கது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பொதுநிதியில் விளைந்தமையால் இதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. அறிவு பொதுச்சொத்தாயிற்றே என்று மகிழ இடமுண்டு. ஆயின் உற்பத்திச் சாதனங்கள் தனியார் கையில் இருக்கையில், எவரும் உற்பத்தி செய்யலாம் என்பதன் நடைமுறைப் பொருள், கம்பனிகள் பல போட்டியிட்டு விற்கலாம் என்பதே. கருச்சிதைவைத் தடுக்குமென்று அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்கு இது பரவலாகக் கொடுக்கப்பட்டது. 1953இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒப்பீட்டுப் பரிசோதனை, அதனால் அப்பயன் இல்லை எனக் காட்டியது. விற்பனை நிற்கவில்லை. மேலும் பதினெட்டு ஆண்டுகள் சென்றபின், 1971இல், ஆர்தர் ஹேர்ப்ஸ்டும் சகாக்களும் யோனியில் அரிதான புற்றுநோய் கண்ட இளம்பெண்கள் எண்மரைப் பற்றி எழுதினர். அவர்களுள் எழுவரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் இம்மருந்தை உட்கொண்டவர்கள். சிசுவின் இனப்பெருக்க உறுப்புகள் உருவாகும் சில வாரங்களில் நேர்ந்த குழப்பம், பூப்பெய்திய பின்னரே நோயாக வெளிப்பட்டது. நச்சின் தீமையை அளவாற் கணிப்பதே பழைய முறை. இங்கு அளவை விடக் காலமே முதன்மை பெறுகிறது.

டொட்ஸ் இதற்கு முன்பே, 1936இல், பிஸ்பீனோல் ஏ என்பதற்கும் ஈஸ்திரோஜனின் தன்மை உண்டென அறிந்திருந்தார். மருந்தாக அது பயன்படவில்லை, வலுக் குறைவு. 1950களில் அதுவே பொலிகாபனேற்றுப் பிளாஸ்ரிக்கின் மூலப்பொருளாயிற்று. தகரப்பேணிகளின் உட்பூச்சிலும் சேர்ந்தது. சூடேறும்போது அப்பிளாஸ்ரிக்கின் பிணைப்புகள் சிதைந்து பிஸ்பீனோல் உணவிற் கசிகிறது. ஈஸ்திரடையோலினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலுக்குறைந்தது, ஆதலாற் கவலை வேண்டா என்பது உற்பத்தியாளர் தரப்பு வாதம். நாள்தோறும், பிற போலிகளோடு சேர்ந்து, கருவிலிருக்கும் உயிரையும் அடைவதொன்றை இவ்வாறு தனித்தெடுத்து அளப்பது போதாது. மருந்தென வந்திருப்பின் அதனைச் சோதிக்கக் கேட்டிருப்பர். போத்தலாக வந்தமையாற் கேட்பாரில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளின் பாற்போத்தல்களில் அதனை 2011இல் தடைசெய்தது. 2020 ஜனவரி முதல் கடைப் பற்றுச்சீட்டுத் தாளிலும் கட்டுப்பாடு வந்தது. தாள் உற்பத்தியாளர் பலர் பிஸ்பீனோல் எஸ் என்பதற்கு மாறினர். இரு பீனோல் வளையங்களும் அதில் அப்படியே உள்ளன. அவற்றை இணைக்கும் நடுப்பகுதி மட்டுமே வேறு. அதுவும் ஈஸ்திரோஜன் வாங்கியிற் பிணைகிறது.