மலையிறங்கும் ஊர்தி

பழனியை அடுத்து, மலையடிவாரத்தில் அமைந்த பேரூர் பாலசமுத்திரம். அங்கிருந்து தெற்கே நோக்கினால் பழனிமலைத் தொடர் சுவரென உயர்ந்து நிற்கும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து பழனிக்கு வரும் மலைச்சாலை 1,700 மீட்டர் அளவிற்குக் கீழிறங்குகிறது. ஏறுவதே கடினம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் ஊர்திக்கு இறக்கமே பெருஞ்சோதனை.

ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வுயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 70 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக் கட்டைகளையே சேரும்; பிடிப்புக் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழிகள் தோன்றினாலோ, மிதி பயனின்றித் தரைவரை அமுங்கிவிடும். ஆதலால் ஏறுவதற்குரிய தாழ்ந்த கியரிலேயே இறங்குதல் வேண்டும். அப்போது எஞ்சினே ஊர்தியை இழுத்துப் பிடிக்கும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாகக் கருதி நியூட்ரலில் உருட்டுவது அறியாமை.

பிரேக் செயலிழந்தால் எஞ்சினை அணைக்கலாகாது. படிப்படியாகக் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, பள்ளத்தை விடுத்து மலைச்சரிவின் பக்கமாக ஒதுங்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் மண்ணும் பாறையும் சாலையில் சரியக்கூடும். மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே எரியவிட வேண்டும். உயர்த்தினால் பனித்துளிகள் ஒளியைத் திருப்பிக் கண்ணைக் கூசச்செய்யும். தைப்பூசக் காலத்திலோ, அடிவாரச் சாலைகளில் பாதயாத்திரை அடியார்கள் இரவிலும் நடந்துவருவர்.

பழுதாகி நின்ற ஊர்தியின் சக்கரத்திற்குக் கல்லை அண்டை கொடுப்பது வழக்கம். புறப்படும்போது அதனை அகற்றாமல் செல்வோரும் உளர். பனியில் பின்வரும் இருசக்கர ஊர்திக்காரர் அக்கல்லைக் காணமாட்டார்.