ஒன்றுக்கொன்று எதிராய்ச் சுழலும் இரு விசிறிகள்

மிக்ஸியின் பொத்தானைத் திருகிய கணத்தில் அது மேடை மீது ஒரு துள்ளல் துள்ளி அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளிருக்கும் மோட்டார் கத்தியை ஒரு திசையில் சுழற்றும்போது, வெளிக்கூடு அதற்கு எதிர்த்திசையில் திரும்ப முயல்கிறது. மேடையைப் பற்றியிருக்கும் இரப்பர்க் கால்கள் அதைத் தடுத்துவிடுகின்றன. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டென்று நியூட்டன் 1687-ஆம் ஆண்டு வெளியிட்ட விதி, நம் சமையலறையிலும் ஆட்சி செய்கிறது.

அந்த இரப்பர்க் கால்களே இல்லாமல் ஓர் இயந்திரம் நீருக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தால் என்னவாகும்? நீர்மூழ்கியின் நிலை அதுதான். வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறிய மாதிரி நீர்மூழ்கிகளைச் செய்து குளங்களில் ஓட்டிப் பார்ப்பது மேலை நாடுகளில் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. அவர்களில் பலர் முதல் நாளிலேயே சந்திக்கும் சிக்கல் இதுவே. பின்புற விசிறி வலப்புறமாகச் சுழல, கலம் இடப்புறமாகப் புரளுகிறது.

எதைப் பற்றி நிற்கும்?

நீரின் மேல் ஓடும் படகுக்கு அகன்ற அடிப்பாகம் உண்டு. அது ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் கூடுதலாக நீரில் அமிழ்ந்து, நீரே அதை மேலே தள்ளி நிமிர்த்துகிறது. முழுவதும் மூழ்கிய உருண்டைக் கலத்துக்கு அந்த உதவி இல்லை. அதன் எடை மையம் கீழேயும், நீர் அதை மேலே தாங்கும் மிதப்பு மையம் அதற்கு மேலேயும் இருப்பது ஒன்றே அதன் பிடிமானம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதிரியின் எடை 2 கிலோ என்றும், இரு மையங்களுக்கும் இடைவெளி 1 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். 1 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ, அவ்வளவு முறுக்கு விசையே இந்தக் கலத்தை 30 பாகை சாய்த்துவிடும். அதைப் போல் இரு மடங்கைத் தாண்டினாலோ, கலம் நிமிர வழியின்றி முழுவதும் உருண்டுவிடும். திடீரென முழு வேகம் கொடுத்தால், முதல் ஆட்டத்தில் இன்னும் அதிகமாகவே சாயும்.

சாய்வது அழகுக் குறை மட்டுமன்று. செங்குத்தாக நிற்க வேண்டிய சுக்கான் 30 பாகை சாய்ந்துவிட்டால், அதன் விசையில் பாதி கலத்தின் முனையை மேலோ கீழோ தள்ளுகிறது. பக்கவாட்டில் திருப்ப நினைத்தவரின் கலம், அவர் கண்ணெதிரிலேயே குளத்தின் அடியை நோக்கிப் பாய்கிறது. பல மாத உழைப்பு சேற்றில் புதைந்துபோகலாம்.

பெரிய நீர்மூழ்கிகள் பல ஒரே விசிறியோடு ஓடுகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! நூறில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி, உண்மைக் கப்பலின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடினால் அதுவும் ஏறக்குறைய அக்கப்பலின் அளவே சாயும். ஆனால் அந்த நிதானம் யாருக்குப் பிடிக்கிறது? வேகத்தை இரு மடங்காக்கினால் முறுக்கு விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அடியிலுள்ள ஈயமோ அதே அளவில்தான் இருக்கிறது.

எதிர்ப்பை எதிர்ப்பால் வெல்லுதல்

இதற்கொரு முழுமையான தீர்வு, ஒரே அச்சில் இரண்டு விசிறிகளை அமைத்து எதிரெதிர்த் திசைகளில் சுழலச் செய்வதாகும். குழாய் போன்ற வெளித்தண்டு ஒரு விசிறியைச் சுழற்ற, அதனுள் ஓடும் மெல்லிய தண்டு மற்றொன்றைச் சுழற்றும். சாய்பற் சக்கரங்கள் ஒரே மோட்டாரின் சுழற்சியை இரு திசைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். ஒன்றின் முறுக்கை மற்றொன்று தீர்த்துவிடுகிறது. அன்றியும், முன் விசிறி சுழற்றிவிட்ட நீரைப் பின் விசிறி நேராக்கி, வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியையும் மீட்டுத் தருகிறது.

இது புதிய எண்ணமன்று. சுவீடனில் பிறந்த ஜான் எரிக்சன் 1836-இல் இத்தகைய இரட்டை விசிறிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1866-இல் இராபர்ட் வைட்ஹெட் ஃபியூமே நகரில் உருவாக்கிய டார்பிடோவுக்கு முதலில் ஒற்றை விசிறியே இருந்தது. 1870-களில் இங்கிலாந்தின் வூலிச் படைக்கலத் தொழிற்கூடத்தார் அதற்கு எதிரெதிர் விசிறிகளைப் பொருத்தினர். உள்ளே மனிதர் இல்லாத கருவி புரண்டால், திருத்தி ஓட்ட யார் இருக்கிறார்கள்?

அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு நீர்மூழ்கியான ஆல்பகோர், 1960-களில் எதிரெதிர் விசிறிகளும் வெள்ளி-துத்தநாக மின்கலங்களும் பொருத்தப்பெற்று, 1966-இல் நீருக்கடியில் 33 நாட் வேகத்தை எட்டியது. 1972-இல் பணி முடித்த அந்தக் கலம் இன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத்தில் காட்சிப் பொருளாக நிற்கிறது. 1967-இல் பணியில் சேர்ந்த ஜாக் என்னும் அணுசக்தி நீர்மூழ்கியிலும் இம்முறை சோதிக்கப்பட்டது. எனினும் தண்டுக்குள் தண்டு என்ற சிக்கலான அமைப்பும், நீர் புகாமல் அடைப்பதிலுள்ள தொல்லையும் இம்முறை பரவத் தடையாயின.

எளியதை முதலில் செய்க

ஆகவே மாதிரி செய்ய விரும்பும் உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் இரட்டை விசிறி வேண்டியதில்லை. ஈயத்தை இயன்ற அளவு கீழே வைத்து, நீர் ஊறாத நுரைத் துண்டுகளை மேலே ஒட்டச் சொல்லுங்கள். நாம் பார்த்த கணக்கில் மைய இடைவெளி 2 சென்டிமீட்டரானால், அதே முறுக்குக்கு 30 பாகை சாய்ந்த கலம் 15 பாகைக்கும் குறைவாகவே சாயும். அடுத்தது, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் பொறுமை. வால் துடுப்புகளைச் சற்றே முறுக்கி வைப்பதும் உதவும். ஆனால் அவை நீர் பாயும்போதே வேலை செய்யும், கலம் புறப்படும் கணத்தில் துணை நிற்கா.

இவையெல்லாம் போதாதபோதே இரட்டை விசிறியை நாட வேண்டும். அங்கும் ஓர் எச்சரிக்கை: இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால் மட்டும் சமநிலை வந்துவிடாது. முன் விசிறி கலக்கிவிட்ட நீரில் பின் விசிறி சுழல்வதால், இரண்டின் முறுக்கும் சமமாகும் வரை இதழ்களின் சாய்வைத் திருத்த வேண்டும்.

வேகத்தைத் தேடும் முன் நிலைபேற்றைத் தேடு என்பதே இக்கலம் கற்பிக்கும் பாடம். விடுமுறை நாளில் வாளி நீரில் ஒரு மூடிய குப்பியை மிதக்கவிட்டு, அதன் ஒரு பக்கத்தில் சிறிது ஈயத்தை ஒட்டிப் பாருங்கள். எப்படிப் புரட்டினாலும் ஈயம் இருக்கும் பக்கம் கீழே திரும்பிவிடும். உங்கள் பிள்ளைகளின் கேள்விகள் அங்கிருந்தே தொடங்கும்.