ஹார்ன் அடிக்கலையா? புது ஹார்ன் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

(எபிசோடிலிருந்து சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

தொகுப்பாளர்: அண்ணா, ஒருத்தர் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வாங்கி, ஆசையா பெயிண்ட் அடிச்சு ரோட்டுக்குக் கொண்டு வர்றார். ஒரு பையன் சைக்கிள்ல குறுக்க வர்றான். ஹார்னை அழுத்தினா சத்தமே வரலை! புது ஹார்ன் வாங்கிடலாமா?

விருந்தினர்: அவசரப்படாதீங்க. கோளாறு பல நேரம் ஹார்ன்ல இருக்காது, ஸ்டீயரிங் பக்கம்தான் இருக்கும். வீட்டு லைட் சுவிட்ச், பல்புக்குக் கரண்ட் அனுப்புது. பீட்டில்ல அது தலைகீழ். இக்னிஷன் ஆன் ஆனதுமே ஃபியூஸ் வழியா ஹார்ன் வரைக்கும் கரண்ட் வந்து நிக்கும். பட்டன் செய்யற வேலை, ஹார்னோட இன்னொரு ஒயரை எர்த் பண்றது மட்டும்தான்.

தொகுப்பாளர்: அப்போ எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

விருந்தினர்: ஹார்ன்லிருந்து. அதுல ரெண்டு முனை இருக்கும். டெஸ்ட் லாம்ப்போட ஒரு முனையை பாடியில வெறும் இரும்பு தெரியற இடத்துல வைங்க, இன்னொன்னை ஹார்னுக்குக் கரண்ட் வர்ற முனையில வைங்க. எரியலைன்னா ஃபியூஸைப் பாருங்க. பழைய பீட்டில் ஃபியூஸோட நுனி கறுத்துப்போயிருந்தாலே கரண்ட் போகாது. ஆரம்பகால வண்டின்னா 6 வோல்ட், அதுக்கேத்த பல்பு வேணும்.

லாம்ப் எரியுதா? அடுத்து, ஹார்னோட இன்னொரு முனையை ஒரு துண்டு ஒயரால பாடியோட தொடுங்க. சத்தம் வந்தா ஹார்ன் நல்லாயிருக்கு. ஸ்டீயரிங் பக்கம் போங்க. வரலைன்னாதான் ஹார்னையே கழட்டிப் பார்க்கணும்.

தொகுப்பாளர்: ஸ்டீயரிங் பக்கம் என்ன பார்க்கணும்?

விருந்தினர்: ஸ்டீயரிங் தண்டும் கீழே இருக்கற கியர் பாக்ஸும் சேர்ற இடத்துல ரப்பர் மாதிரி ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதிர்வைக் குறைக்கத்தான் அது. ஆனா ரப்பர்ல கரண்ட் போகாதே! அதனால அதைத் தாண்டி ஒரு குட்டி எர்த் ஒயர் போகும். தட்டு மாத்தும்போது பலபேர் அந்த ஒயரைத் திரும்பப் போட மறந்துடுவாங்க. புதுசா அடிச்ச பெயிண்ட்டும் எர்த்தைத் தடுக்கும். போல்ட் உட்கார்ற இடத்துல சுரண்டிவிட்டு, இரும்போட இரும்பு சேர வைங்க. மல்டிமீட்டர்ல தண்டுக்கும் பாடிக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம் காட்டணும்.

அதுவும் சரின்னா, பட்டனைக் கழட்டி உள்ளே இருக்கற தகடு, ஸ்பிரிங், காண்டாக்ட் எல்லாத்தையும் மெல்லிசு உப்புத்தாளால தேச்சு சுத்தம் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி பேட்டரி எர்த்தைக் கழட்டிடுங்க.

தொகுப்பாளர்: சில வண்டி திரும்பும்போது தானா கத்துமே?

விருந்தினர்: எங்கயோ ஒயர் தோல் உரிஞ்சு இரும்பைத் தொடுது. பட்டனை அழுத்தாமலே எர்த் ஆகுது, அவ்ளோதான். அந்த ஒயரை மாத்துங்க. டேப் சுத்தித் தப்பிக்காதீங்க.

வேலை முடிஞ்சதும் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி, ஒவ்வொரு இடத்துலயும் அடிச்சுப் பாருங்க. நேரா இருக்கும்போது அடிக்கற ஹார்ன் வளைவுல அடிக்காம போகலாம். ஆள் குறுக்க வர்றது அங்கதானே!

கடைசியா ஒண்ணு: இதெல்லாம் பழைய வண்டிக்கு மட்டும். ஏர்பேக் இருக்கற ஸ்டீயரிங்ல நீங்களா கை வைக்கவே வைக்காதீங்க.