துபாயில் ஒரு விடுமுறை வீடு: வாடகை ஹலால், வந்த வழி?

வீடு இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளுள் ஒன்று. அருள்மறையின் அந்நஹ்ல் அத்தியாயம், இல்லங்கள் நமக்கு அமைதி தரும் இடங்களாக ஆக்கப்பட்டிருப்பதை ஓர் அருளாகவே எடுத்துரைக்கிறது. அந்த அருளைத் தான் துய்ப்பதோடு, வாடகை பெற்றுப் பிறரும் துய்க்கச் செய்வது இஸ்லாம் அனுமதித்த தொழிலே. ஆயினும் அவ்வீடு கடல் கடந்த நாட்டில் இருந்து, அதில் தங்குவோர் இன்று வந்து நாளை செல்லும் உல்லாசப் பயணிகளாகவும் இருந்தால் சில கேள்விகள் எழுகின்றன. அவற்றை இவ்வாரம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு வாடகை வருமானம் புதிதன்று. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அந்நாள் முதல், வீட்டின் பின்புறம் நான்கு அறை கட்டித் தொழிலாளர்க்கு விட்டு, அவ்வருவாயில் பெண்மக்களின் திருமணத்தை நடத்தியவர்கள் பலர். பின்னர்ச் சூளகிரியும் தேன்கனிக்கோட்டையும் போச்சம்பள்ளியும் தொழில் நிலமாயின. நிலத்தை நல்ல விலைக்கு விற்றவர், லாரித் தொழிலிலும் ரோஜாத் தோட்டத்திலும் கருங்கல் வாணிபத்திலும் பொருளீட்டியவர் எனக் கையில் பெருந்தொகை வைத்திருப்போர் பெருகியுள்ளனர். இவர்களை நாடித்தான் வெளிநாட்டு வீட்டுத் தரகர்கள் வருகின்றனர். பெங்களூர் நட்சத்திர ஓட்டல்களில் நடைபெறும் விற்பனைக் கண்காட்சிகளுக்கு அழைப்பு வருகிறது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்ப் பயணம், ஒரு தேநீர், ஒரு வண்ணப் படம், உடனே முன்பணம் கட்டச் சொல்கின்றனர்.

முதலில் அடிப்படையைக் காண்போம். வாடகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்னும் தலைப்பில் விரிவாக ஆய்கின்றன. மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் எட்டாண்டு ஊழியத்திற்கு ஒப்பந்தம் செய்த வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தில் காணலாம். விடப்படும் இடம் இன்னதென்று தெரிய வேண்டும். வாடகை இவ்வளவென்று தெரிய வேண்டும். காலம் எத்தனையென்று தெரிய வேண்டும். இம்மூன்றும் தெளிவானால், ஓராண்டுக்கு விடுவதும் ஓரிரவுக்கு விடுவதும் ஒன்றே. எனவே விடுமுறை வீட்டு வாடகை அதன் அளவில் ஹலாலானது. அதில் ஐயமில்லை.

வந்து செல்வோரிடம் வாடகை பெறுவது குறித்து நம் முன்னோரான இமாம்கள் மிகக் கடுமையாக விவாதித்த ஊர் ஒன்று உண்டு. அது மக்கமா நகரமே. அங்கு உள்ளூர்வாசியும் வெளியூர்வாசியும் சமமென்று அல்ஹஜ் அத்தியாயம் கூறுவதை அடிப்படையாகக் கொண்டு, ஹஜ்ஜுக் காலத்தில் யாத்ரீகரிடம் வீட்டு வாடகை பெறுவதை இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள். ஹாஜிகள் விரும்பிய இடத்தில் இறங்கும்படி, வீடுகளுக்குக் கதவிட வேண்டாமென உமர் (ரலி) அவர்கள் மக்காவாசிகளுக்குக் கூறியதாகவும் செய்தி உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ விற்பதும் வாடகைக்கு விடுவதும் கூடும் என்றார்கள். இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) அவர்களோடு இது குறித்து நிகழ்த்திய வாதம் புகழ்பெற்றது. அபூ தாலிபின் மகன் அகீல் குடும்பத்து வீடுகளை விற்றுவிட்டதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதும், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் சிறைச்சாலைக்கென மக்காவில் ஒரு வீடு விலைக்கு வாங்கப்பட்டதும் அக்கருத்துக்குச் சான்றுகள். சொந்தமில்லாத ஒன்றை எவரும் விற்பதோ வாங்குவதோ இயலாதன்றோ!

நம் வட்டாரத்தில் உருது பேசும் ஹனஃபிகளும் தமிழ் பேசும் ஷாஃபிஈகளும் அருகருகே வாழ்கிறோம். இவ்விரு கருத்துகளும் நம் வீடுகளில் இன்றும் உயிரோடு இருப்பவை. ஆனால் இந்த வாதம் மக்காவின் தனிச் சிறப்பைப் பற்றியது, துபாயைப் பற்றியதன்று. இதனை இங்கு நினைவூட்டக் காரணம் வேறு. வழிப்போக்கனைத் தங்க வைப்பது வாணிபம் மட்டுமன்று, அது ஒரு பொறுப்பும்கூட என்று அந்த இமாம்கள் கருதினார்கள். துபாய் வீட்டின் வண்ண விளம்பரத்தில் அப்பொறுப்பு பற்றி ஒரு வரியும் இராது.

இனி, விளம்பரத்தின் மையத்துக்கே வருவோம். "ஆண்டுக்கு எட்டு சதவீத வருமானம் உறுதி" என்பது போன்ற வாசகத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். எதன்மீது எட்டு சதவீதம்? வீடு கட்டி முடித்து உங்கள் கையில் வந்தபின், ஒரு நிறுவனம் அதனை ஆண்டுக்கு இவ்வளவு தொகையென உங்களிடமிருந்து வாடகைக்கு எடுத்துப் பயணிகளுக்கு விடுமாயின், அது முறையான இஜாரா. பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் அந்நிறுவனம் உங்களுக்கு வாடகை தரக் கடமைப்பட்டது. அல்லது அந்நிறுவனம் உங்கள் முகவராக நின்று, வசூலாகும் வாடகையில் தன் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருமாயின், அதுவும் கூடும். அப்போது வருமானம் எவ்வளவென்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆனால் மூன்றாவது வகை ஒன்று உள்ளது. வீடே இன்னும் எழும்பவில்லை. அஸ்திவாரமும் போடப்படவில்லை. நீங்கள் கட்டிய முன்பணத்தின்மீது, வீடு ஒப்படைக்கும் நாள்வரை மாதந்தோறும் ஒரு சதவீதக் கணக்கில் தொகை தருவதாக ஒப்பந்தம். இதை வாடகை என்று எப்படிச் சொல்வது? குடியிருக்க வீடில்லை, குடியிருப்பவரும் இல்லை. இருப்பது கொடுத்த பணமும் அதன்மீது வரும் குறித்த கூடுதலும் மட்டுமே. பெயர் 'வாடகை உறுதி' என்றிருப்பதால் பொருள் மாறிவிடாது. வாணிபத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கிய அல்பகரா அத்தியாயத்தின் ஆணை பெயரைப் பார்ப்பதில்லை. இவ்வகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அதன் வாசகத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் முழுமையாக வாசித்துக் காட்டுங்கள். தரகரின் சுருக்கம் போதாது.

கட்டாத வீட்டை வாங்குவதே தவறென்று கருத வேண்டா. அளவும் தன்மையும் விலையும் காலமும் தெளிவாக எழுதி, ஒன்றைச் செய்து தரச் சொல்லும் 'இஸ்திஸ்னாஃ' ஒப்பந்தத்தை ஹனஃபி மத்ஹபு ஏற்கிறது. அவ்வாறு வாங்கியதைக் கையில் பெறுமுன்பே இலாபம் வைத்து வேறொருவருக்கு விற்பதில்தான் தடை எழுகிறது. தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியது ஹதீஸ் நூல்களில் உள்ளது. துபாய் வீட்டு வாணிபத்தில் இத்தகைய கைமாற்று வாணிபமும் நடைபெறுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பணத்தை எவ்வழியே அனுப்புவது? இங்கே ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும் ஒரே திசையில் நிற்பதைக் காண்கிறோம். இந்தியாவில் வாழும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர்வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வெளிநாட்டில் வீடு வாங்கவும் அதனைப் பயன்படுத்தலாம். கணவனும் மனைவியும் தத்தம் வரம்பைச் சேர்த்து வாங்க விரும்பினால், இருவரும் அவ்வீட்டின் கூட்டு உரிமையாளராக இருத்தல் வேண்டும். இத்தகைய முதலீட்டுக்கென்று வங்கிகள் கடன் தரலாகாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. ஓசூர் வீட்டை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, வேறு காரணம் எழுதி அனுப்பலாமெனத் தரகர் கூறுவாரானால், அவர் உங்களை இரண்டு சட்டங்களுக்கும் எதிராக நிறுத்துகிறார். ஹவாலா வழியைப் பற்றிப் பேசவே வேண்டா.

ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கு மேல் இவ்வாறு அனுப்பும் தொகையில் 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் அதனைச் சரிசெய்துகொள்ளலாம். துபாய் வாடகைக்கு அங்கே தனிநபர் வருமான வரி இல்லாவிட்டாலும், இங்கே வாழ்பவர் இங்கே வரி செலுத்த வேண்டும். அச்சொத்தை ஆண்டுதோறும் வரி அறிக்கையில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டவும் வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து இலட்சம் ரூபாய் அபராதம் வரலாம். தரகர் தரும் கணக்குத் தாளில் இவை ஒன்றும் இருப்பதில்லை. துபாய் நிலத் துறைக்குச் செலுத்தும் நான்கு சதவீதப் பதிவுக் கட்டணமும், கட்டடப் பராமரிப்புக்கான ஆண்டுக் கட்டணமும், விடுமுறை வீடாக விடுவதற்குப் பெற வேண்டிய உரிமமும்கூடப் பெரும்பாலும் சிறிய எழுத்திலேயே இருக்கும்.

அந்நாட்டுச் சட்டங்கள் வாங்குபவரை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. வாங்குவோர் செலுத்தும் தொகையைத் தனிக் காப்புக் கணக்கில் வைக்க வேண்டுமென 2007ஆம் ஆண்டு துபாயில் சட்டம் வந்தது. ஆயினும் தவணையை இடையில் நிறுத்தினால், கட்டுமானம் எந்த நிலையில் உள்ளதோ அதற்கேற்ப, விலையில் 40 சதவீதம்வரை நிறுவனம் தக்கவைத்துக்கொள்ளவும் அங்கே சட்டம் இடமளிக்கிறது. 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் துபாய் வீட்டு விலைகள் ஏறக்குறைய பாதியாகச் சரிந்ததையும், எழும்பாமலே நின்றுபோன திட்டங்களையும் அங்கே வேலை பார்த்த நம் உறவினர் மறந்திருக்க மாட்டார்கள். 2020இல் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் விடுமுறை வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அப்போதும் பராமரிப்புக் கட்டணம் நின்றதில்லை.

"என் வீட்டில் தங்கும் பயணி மது அருந்தினால் பாவம் எனக்கும் உண்டா?" என்பது நியாயமான கேள்வி. ஒருவர் தம் வீட்டை வாடகைக்கு விட, அதில் குடியிருக்கும் முஸ்லிமல்லாதவர் மது விற்றால் என்ன நிலை என்பதில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்தம் மாணவர் இருவருக்குமிடையே கருத்து வேறுபாடு 'ஹிதாயா' நூலில் பதிவாகியுள்ளது. ஒப்பந்தம் குடியிருப்புக்கே, குற்றம் செய்தவனைச் சார்ந்தது என்பது இமாமின் நோக்கு. பாவத்துக்குத் துணை போவதாகும் என்பது மாணவர்களின் நோக்கு. நம்மால் கூறக்கூடியது இது: குடும்பங்களுக்கு மட்டுமே விடப்படும், மதுவுக்கு இடமில்லை என்று நிபந்தனை எழுத நிர்வாக நிறுவனம் இணங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். இணங்காதெனில், வாங்குமுன் அறிந்துகொண்டது நன்றே.

ஜகாத் பற்றிப் பலர் குழம்புகின்றனர். வாடகைக்கு விடும் வீட்டின் விலைமீது ஜகாத் இல்லை என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. ஒரு கோடி ரூபாய் வீட்டிலிருந்து செலவு போகக் கையில் சேர்ந்து, ஜகாத் நாளில் மூன்று இலட்சம் மீதமிருந்தால், ஏனைய சேமிப்போடு சேர்த்து நிஸாபை எட்டும் நிலையில், அந்த மூன்று இலட்சத்துக்கு 7,500 ரூபாய். ஆனால் விலை ஏறியதும் விற்பதே நோக்கமென்று வாங்கினால், அது வாணிபச் சரக்கு. அப்போது ஆண்டுதோறும் சந்தை விலை முழுவதற்கும், அதாவது ஒரு கோடிக்கு இரண்டரை இலட்சம். நிய்யத்து உங்கள் உள்ளத்தில் உள்ளது. தரகரிடம் ஒன்றும் ஜகாத் கணக்கில் வேறொன்றுமாகச் சொல்ல இயலாது. அத்துடன், இவ்வளவு பணம் கையிருப்பவர்மீது ஹஜ்ஜு எப்போதோ கடமையாகிவிட்டது. மனைவியின் மஹர் பாக்கியும் கடனே. இவ்விரண்டையும் தீர்க்காமல் வீடு பார்க்கத் துபாய்க்குப் புறப்படுவோரை என்னென்பது!

இறுதியாக வாரிசுகள். அந்நிய நாட்டுச் சொத்தில் பங்கு பெற வேண்டிய மகளும் விதவையும், அந்நாட்டு நீதிமன்றத்தின் முன் சான்றிதழ்களோடு நிற்க வேண்டிவரும். கடல் கடந்த சொத்து எப்படிச் சிக்கலாகும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்றுண்டு. தலைச்சேரியைச் சேர்ந்த பெருவணிகர் மாயன்குட்டி கேயி, 1870களில் மக்காவில் ஹரம் ஷரீஃபின் அருகே இடம் வாங்கி, மலபார் ஹாஜிகள் தங்குவதற்கெனக் கட்டடம் எழுப்பினார். கேயி ருபாத் என்று அதற்குப் பெயர். அவர் அதில் வாடகை தேடவில்லை. ஹரம் விரிவாக்கத்துக்காக 1971இல் அது இடிக்கப்பட்டது. இழப்பீடாக விதிக்கப்பட்ட சுமார் 14 இலட்சம் ரியால், உரிமையாளர் வந்து பெறாமையால், சவூதி அரசின் கருவூலத்திலேயே வைக்கப்பட்டது. அது வக்ஃபுக்கு உரியதா, கேயி குடும்பத்துக்கா, அவர் மனைவி பிறந்த அரக்கல் குடும்பத்துக்கா என்று பல தலைமுறையினர் உரிமை கோரி வந்துள்ளனர்.

ஆகவே வாங்குபவர், பத்திரத்தில் யார் பெயர், யாருடைய பணம் எவ்வளவு, மனைவியின் பெயர் வெறும் பெயரா அல்லது உண்மையான உரிமையா என்பதை வாங்கும் நாளிலேயே சாட்சிகளோடு எழுதிவைக்கட்டும். கடனை எழுதிவைக்கச் சொல்லும் அருள்மறை வசனமே அதன் மிக நீண்ட வசனம். பத்திரம், வரி அறிக்கை, வங்கி ரசீது, நிர்வாக ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டுப் பெண்களிடமும் இருக்கட்டும். துபாயில் யாரை அணுக வேண்டுமென்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.